கடைப் பலகையில் எழுதிய பாஸ்வேர்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒருவர், ‘குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்த நாட்களிலும் எங்கள் வீட்டு இன்டர்நெட் டேட்டா குறைந்துகொண்டே வந்தது, எப்படி?’ என்று கேட்டிருந்தார். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள் என்று இரண்டு வரியில் பதில் எழுதினேன். அதைப் படித்துவிட்டுப் பட்டியலைப் பார்த்த பலர், முன்பின் தெரியாத போன்களைக் கண்டு திடுக்கிட்டிருக்கிறார்கள் போல. இந்த முறை தபால், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் வைஃபைதான். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

எங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் என் கணவரின் மொபைல் எண். பத்து இலக்கம் இருக்கிறதே, அது போதாதா?
(குடும்பத் தலைவி, திருப்பூர்)

போதாது அம்மா. இதே தப்பை நானே ஒரு கடைக்குச் செய்து கொடுத்திருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2006-ல் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு வைஃபை போட்டுக் கொடுத்தேன். அப்போது நான் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டே இந்த வேலையும் பார்த்தேன். அந்த ரவுட்டரில் இருந்த பூட்டின் பெயர் டபிள்யூ.இ.பி. அதற்குச் சாவியாகப் பத்துக் குறிகள் வேண்டும். 0 முதல் 9 வரை எண்களாகவே இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். முதலாளி, “எதுக்குங்க தம்பி கஷ்டம், என்ற செல் நம்பரே பத்து எண்தானுங்களே” என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. போட்டுவிட்டு, கூலியும் ஒரு டவலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, நெட் நகரவே மாட்டேன் என்கிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், மேல் மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்த பாலிடெக்னிக் மாணவர்கள் அந்த இணைப்பில்தான் படம் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கோபத்தைவிட ஆர்வம்தான் அதிகம். டபிள்யூ.இ.பி.யில் ஓட்டை இருக்கிறது என்று 2001-லேயே ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர் கட்டுரை எழுதியிருந்தார்கள். பையன் அதைப் படித்துவிட்டுத்தான் செய்தானோ என்று நினைத்து, “எந்த சாஃப்ட்வேர்ப்பா?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. என்னைத் தெருவுக்கு அழைத்து வந்து மேலே கையைக் காட்டினான். கடைப் பலகையில், பெயருக்குக் கீழே, மஞ்சள் எழுத்தில் அந்தப் பத்து எண்.

சரி, உங்கள் கணவரின் எண் எந்தப் பலகையிலும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு உங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். ஆகவே மொத்தமே 400 கோடி எண்கள். இப்போது பரவலாக உள்ள டபிள்யூ.பி.ஏ.2 பூட்டில், ஒரு போன் ரவுட்டரோடு இணையும் சில நொடிப் பேச்சைக் காற்றிலிருந்து பதிந்து வைத்துக்கொண்டால் போதும். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் பக்கமே வர வேண்டாம். தன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் பொருத்திப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக விற்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வினாடிக்குச் சுமார் பத்து லட்சம் முறை பொருத்திப் பார்க்கும். 400 கோடியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 4,000 வினாடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிடம். இந்தியாவில் இருக்கும் எல்லா மொபைல் எண்களும் அதற்குள் அடங்கிவிடும். பிறந்த தேதியை எட்டு இலக்கமாக வைத்திருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். நூறு வருடத் தேதிகள் எல்லாம் சேர்ந்தும் 36,525தான். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது.

இதற்கு மாற்று, நீளம். பாஸ்வேர்ட் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 12 சின்ன ஆங்கில எழுத்துகளைக் குலுக்கிப் போட்டால், அதே கார்டுக்கு எல்லாவற்றையும் பார்த்து முடிக்க மூவாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். சங்க காலத்தில் ஓடவிட்டிருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். குலுக்கிய எழுத்துகள் நினைவில் நிற்காது என்றால், ஒட்டாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். அம்மி, தாழ்ப்பாள், பனங்கிழங்கு, ரயில்வேகேட் என்பதுபோல. (இதையே வைக்காதீர்கள், அச்சில் வந்துவிட்டது.) ‘பனங்கிழங்கு’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம்மில் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவோம். பள்ளிக்கூடத்தில் அதற்குத் திட்டு வாங்கியிருப்போம். இங்கே அது ஆதாயம். பாட்டின் முதல் வரி, கோயில் பெயர், மகள் பெயரோடு 123 ஆகியவை வேண்டாம். அவை எல்லாம் ஊகிக்கும் பட்டியல்களில் முதலில் ஏறுபவை.

வைஃபை பெயரை வெளியில் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாதுதானே?
(வங்கி ஊழியர் (ஓய்வு), காரைக்குடி)

முடியும் ஐயா. உங்கள் போன் இணையும்போது அந்தப் பெயரைப் பூட்டாமல்தான் சொல்கிறது. அது மட்டுமா, பெயர் மறைந்திருப்பதால் நீங்கள் வெளியே போகும் இடங்களில்கூட உங்கள் போன் ‘இன்னார் இருக்கிறாரா, இன்னார் இருக்கிறாரா’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி போகும். மறைப்பை எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டு இ.சி.இ. படிக்கிறேன். வயர்லெஸ் பாதுகாப்பில் வேலைக்குப் போக ஆசை. யூட்யூபில் எல்லாம் பக்கத்து வீட்டு வைஃபையை உடைப்பது எப்படி என்றுதான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
(மாணவர், விருதுநகர்)

பக்கத்து வீட்டிலிருந்து தொடங்க வேண்டாம் தம்பி. அனுமதி இல்லாமல் ஒருவருடைய நெட்வொர்க்கில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 ஆகிய பிரிவுகளில் வரும். மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘சும்மா கற்றுக்கொள்ளத்தான் செய்தேன்’ என்ற பதில் ஸ்டேஷனில் எடுபடாது. சட்டத்தை விடுங்கள், அந்த வீடியோக்களில் கற்றுக்கொள்ளவே ஒன்றும் இல்லை என்பதுதான் என் குறை. நான்கு கட்டளைகளைத் தட்டினால் கடைசியில் பாஸ்வேர்ட் வரும். ஏன் வந்தது என்று கேட்டால் செய்தவருக்கே தெரியாது. மாலை வகுப்புக்கு என்னிடம் வரும் பையன்களில் பாதிப் பேர் இந்த நான்கு கட்டளைகளோடுதான் வருகிறார்கள். அதை மறக்கடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆகிறது.

உங்களுக்கு வேண்டியது ஒரு பழைய ரவுட்டர், லினக்ஸ் போட்ட ஒரு மடிக்கணினி, ‘மானிட்டர் மோடு’ (சுற்றிலும் காற்றில் போகும் வைஃபை பேச்சை எல்லாம் கேட்கும் நிலை) வேலை செய்யும் யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர் ஒன்று. அடாப்டர் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பெட்டியும் பெயரும் அப்படியே இருக்கும், உள்ளே சிப் மாறியிருக்கும். நான் இப்படி ஒன்று வாங்கி அலமாரியில் போட்டிருக்கிறேன். ஏதெரோஸ் ஏ.ஆர்.9271 சிப் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பழசுதான், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும், ஆனால் லினக்ஸில் தொல்லை தராது. அதற்கும் காசில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே மேக்80211 ஹெச்டபிள்யூசிம் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. அது கற்பனை ரேடியோக்களை உருவாக்கித் தரும். ஹோஸ்ட்ஏபிடி என்ற இலவச நிரலை அதில் ஒன்றின் மேல் ஓடவிட்டால் ரவுட்டர், இன்னொன்று போன். ஒரே கணினிக்குள் இரண்டும் பேசிக்கொள்ளும். ஒரு ரூபாய் செலவில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கும் தொந்தரவில்லை.

முதல் மாதம் எதையும் உடைக்காதீர்கள். நெட்வொர்க் பேச்சைப் பதிந்து பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற நிரலைத் திறந்து உங்கள் ரவுட்டர் பேசுவதை மட்டும் கேளுங்கள். வினாடிக்குச் சுமார் பத்து முறை ‘நான் இங்கே இருக்கிறேன், என் பெயர் இது, என் பூட்டு இது’ என்று அது அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பு ஒன்றை எடுத்து, வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொரு புலத்துக்கும் அர்த்தம் நோட்டில் எழுதுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். மருத்துவம் படிப்பவர்கள் முதல் வருடம் எலும்பு எண்ணுகிறார்கள் அல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

அப்புறம் உங்கள் போனை அந்த ரவுட்டரில் இணையுங்கள். வயர்ஷார்க்கின் வடிகட்டியில் ‘ஈ.ஏ.பி.ஓ.எல்.’ என்று கொடுத்தால் நான்கே நான்கு செய்திகள் வரும். டபிள்யூ.பி.ஏ.2-வின் உயிர் அந்த நாலில்தான். பாஸ்வேர்டையும் வைஃபை பெயரையும் சேர்த்து 4,096 சுற்று அரைத்து இரண்டு பக்கமும் ஒரு சாவி செய்து வைத்திருக்கும். ரவுட்டர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். போன் தன் பங்குக்கு ஒன்றை அனுப்பும். இரண்டையும் அந்தச் சாவியோடு சேர்த்து, அன்றைய பேச்சுக்கான புதுச் சாவியை ஆளுக்காள் செய்துகொள்வார்கள். பாஸ்வேர்ட் காற்றில் போகவே போகாது. ஆனால் நீங்கள் சொன்ன பாஸ்வேர்ட் சரியா என்று சரிபார்க்கத் தேவையான எல்லாமே போகிறது. மேலே திருப்பூர் அம்மாவுக்குச் சொன்ன கணக்கு இந்த இடத்திலிருந்து வருவதுதான். உங்கள் பாஸ்வேர்டை வயர்ஷார்க்குக்கே கொடுத்துப் பாருங்கள். அந்த நான்கு செய்திகளும் பிடிபட்டிருந்தால், பூட்டிய பேச்சு முழுவதையும் அது திறந்து காட்டும். இதை ஒருமுறை தன் கண்ணால் பார்த்தவர், ஒரே பாஸ்வேர்டைக் கடைக்கு வருபவர்களுக்கெல்லாம் தரும் டீக்கடையில் உட்கார்ந்து நெட் பேங்கிங் திறக்கும் முன் ஒரு நொடியாவது யோசிப்பார். வங்கிப் பக்கத்துக்குத் தனிப் பூட்டு இருக்கிறது என்பது உண்மைதான். நான் சொல்வது வைஃபை பூட்டை.

இரண்டாவது மாதம், உங்கள் சொந்த ரவுட்டரில் வேண்டுமென்றே கோளாறு செய்யுங்கள். பாஸ்வேர்டை எட்டு இலக்கப் பிறந்த தேதியாக வைத்து, ஏர்கிராக்-என்ஜி என்ற பாஸ்வேர்ட் ஊகிக்கும் நிரல் எவ்வளவு நேரத்தில் அதைக் கண்டுபிடிக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். பிறகு 12 எழுத்தாக மாற்றிப் பாருங்கள். ‘இணைப்பைத் துண்டி’ என்று ரவுட்டர் பெயரில் யாரோ அனுப்பும் பொய்ச் செய்தியைப் போன் ஏன் நம்புகிறது, அதைத் தடுக்க வைஃபை விதிமுறைக்கு 2009-ல் வந்த 802.11டபிள்யூ என்ற திருத்தம் என்ன செய்கிறது என்று தேடுங்கள். ரவுட்டரில் அதை இயக்கியும் நிறுத்தியும் வித்தியாசத்தைப் பதிவு செய்யுங்கள். இந்த நோட்டுதான் நேர்முகத் தேர்வில் உங்கள் கையில் இருக்க வேண்டியது. சான்றிதழ் வேண்டுமென்றால் சி.டபிள்யூ.என்.ஏ., அதன் பிறகு சி.டபிள்யூ.எஸ்.பி. என்று வயர்லெஸுக்கே தனியாக உண்டு; ஆனால் நோட்டு முதலில்.

ரவுட்டரில் டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அது எதற்கு?
(தையலகம் நடத்துபவர், நாகர்கோவில்)

பாஸ்வேர்ட் அடிக்காமல் பிரின்டர் போன்றவற்றை இணைப்பதற்கு. பட்டன்கூடப் பரவாயில்லை, அதோடு சேர்ந்து வரும் எட்டு இலக்க எண்தான் வில்லங்கம். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்றுதானே நினைப்போம்? கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது, ஆக அது கணக்கில் இல்லை. மீதியையும் ரவுட்டர் பாதி பாதியாகச் சரிபார்க்கிறது. முதல் நான்கு தப்பு என்றால் அங்கேயே ‘தப்பு’ என்று சொல்லிவிடுகிறது. ஆக முதல் பாதிக்கு 10,000, அடுத்த பாதிக்கு 1,000. மொத்தம் 11,000 முயற்சி, அவ்வளவுதான். ஸ்டெஃபான் ஃபீபெக் என்பவர் 2011 டிசம்பரில் இதை வெளியிட்டார். பூட்டுக்காரனே ‘முதல் பல் சரி, அடுத்த பல்லைப் பாரு’ என்று திருடனுக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டபிள்யூ.பி.எஸ். என்று தேடி அணைத்துவிடுங்கள்.

பன்னிரண்டு அறை உள்ள சிறு லாட்ஜ் நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட், வரவேற்பறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். இதில் எனக்கு என்ன பிரச்சினை வரும்?
(லாட்ஜ் உரிமையாளர், கும்பகோணம்)

ஐயா, 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்பு தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது வந்த முகவரியைப் போலீஸ் தொடர்ந்து போனால், நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட். அவருடைய வைஃபை பூட்டாமல் இருந்திருக்கிறது. அதை யாரோ பயன்படுத்திக்கொண்டார்கள். அவருக்குத் தொடர்பு இல்லை என்று தெரிவதற்குள் விசாரணை, கேள்வி, பத்திரிகை என்று அவர் பட்டது பாடு. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி வெடிப்புக்கான மின்னஞ்சல் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபையிலிருந்து போனது.

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவது நோக்கமல்ல. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் லாட்ஜின் பன்னிரண்டு அறைகளும் ஒரே முகவரி. அந்த முகவரி உங்கள் பெயரில் இருக்கிறது. ஆகவே மூன்று வேலை. ஒன்று, விருந்தினருக்குத் தனி நெட்வொர்க். ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று இருக்கும். பில் போடும் கணினியும் சி.சி.டி.வி.யும் அந்தப் பக்கம் வரவே கூடாது. இரண்டு, அந்த நெட்வொர்க்கில் ‘கிளையன்ட் ஐசொலேஷன்’ அல்லது ‘ஏ.பி. ஐசொலேஷன்’ என்பதை இயக்குங்கள். ஆறாம் நம்பர் அறைக்காரர் ஏழாம் நம்பர் அறைக்காரரின் மடிக்கணினியைத் தட்டிப் பார்க்க முடியாது. மூன்று, அறை எடுப்பவருக்கு அவரவர் பெயரில் தனிப் பயனர் எண் கொடுத்து, அறையைக் காலி செய்ததும் அதை ரத்து செய்யும் ஏற்பாடு. இதற்குக் கொஞ்சம் நல்ல ரவுட்டரும், அமைத்துக் கொடுக்க ஒரு ஆளும் வேண்டும். ஒருமுறை செலவுதான். வரவேற்பறைச் சுவருக்கு இந்த வாரமே சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

இரவில் வைஃபையை அணைத்துவிட்டுத் தூங்கினால் பாதுகாப்பா?
(பெயர் வேண்டாம், மன்னார்குடி)

தூங்கும்வரை பாதுகாப்பு. காலையில் மறுபடி போடுவீர்களே! மின்சாரம் மிச்சம், பிள்ளைகளும் தூங்குவார்கள், அந்த வகையில் நல்லது.

டபிள்யூ.பி.ஏ.3 ரவுட்டர்தான் வாங்க வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். விற்பதற்காகச் சொல்கிறார்களா?
(ஆசிரியர், தர்மபுரி)

பாதி அதற்காகத்தான், ஆனால் சொல்வதில் உண்மை இருக்கிறது. டபிள்யூ.பி.ஏ.2 வந்தது 2004-ல். பதின்மூன்று வருடம் நன்றாகத்தான் ஓடியது. 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப், மாணவருக்கு நான் மேலே சொன்ன நான்கு செய்திகளில் மூன்றாவதைத் திரும்பத் திரும்ப அனுப்பினால், போன் ஏற்கனவே பயன்படுத்திய சாவியையே மறுபடி மாட்டிக்கொள்கிறது என்று காட்டினார். அதற்கு கிராக் தாக்குதல் என்று பெயர். அப்டேட் வந்தது, அடைத்தார்கள்.

2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3-ன் பெரிய நன்மை வேறு. அதில் காற்றிலிருந்து பதிந்து வீட்டுக்கு எடுத்துப்போய் ஊகிக்கும் வேலை நடக்காது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடம் நேரில் வந்து கேட்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு எவ்வளவு வேகமாக இருந்தாலும் பயனில்லை. அதற்காக அது தெய்வப் பூட்டு என்று சொல்ல மாட்டேன்; 2019-லேயே வான்ஹூஃபும் இயால் ரோனென் என்பவரும் அதிலும் ஓட்டைகளைக் காட்டி, திருத்தங்கள் வந்தன.

உங்கள் பழைய ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.2-வும் அதோடு ஏ.இ.எஸ். என்ற பூட்டும் முறையும் இருந்து, நீளமான பாஸ்வேர்டும் இருந்தால் அவசரம் இல்லை. அந்த ரவுட்டருக்குத் தயாரிப்பாளர் இன்னும் அப்டேட் தருகிறாரா என்று மட்டும் பாருங்கள். நிறுத்திவிட்டார் என்றால் மாற்றுங்கள், மாற்றும்போது டபிள்யூ.பி.ஏ.3 உள்ளதாக வாங்குங்கள். ரவுட்டருக்குள் நுழையும் ‘அட்மின்’ பாஸ்வேர்ட் என்பது வேறு. பெட்டியின் அடியில் அச்சடித்து வந்ததை இன்றே மாற்றுங்கள். இதை மாற்றாதவர்கள் டபிள்யூ.பி.ஏ.30 வாங்கினாலும் ஒன்றுதான்.

எங்கள் அப்பா வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லிவிடுகிறார். சொல்லாதீர்கள் என்றால், ‘தண்ணி கேட்டால் இல்லைன்னா சொல்வோம்?’ என்கிறார். நான் என்ன செய்ய?
(பத்தாம் வகுப்பு மாணவி, பெருந்துறை)

அப்பா சொல்வது சரிதான் பாப்பா, அவரோடு சண்டை போடாதே. தண்ணீர் கொடுக்கலாம், கிணற்றுக்குள் இறங்க விட வேண்டாம். லாட்ஜ்காரருக்குச் சொன்ன அதே கெஸ்ட் நெட்வொர்க்கை உங்கள் வீட்டு ரவுட்டரிலும் நீயே போட்டுவிடு, பத்து நிமிட வேலை. அதற்குத் தனிப் பாஸ்வேர்ட் வை. ஆண்ட்ராய்டு போனில் அந்த நெட்வொர்க்கைத் தொட்டு ‘ஷேர்’ கொடுத்தால் கியூ.ஆர். கட்டம் வரும், அதை அச்செடுத்து டிவி பக்கத்தில் ஒட்டிவிடு. வருபவர் ஸ்கேன் செய்துகொள்வார், அப்பாவுக்கும் எழுத்து எழுத்தாகச் சொல்லும் வேலை மிச்சம். தீபாவளி, பொங்கல் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் பாஸ்வேர்டை மாற்றிப் புதுக் கட்டம் ஒட்டு.

எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. போன மாதம் ஈரோட்டு ஜவுளிக்கடை முதலாளி வந்திருந்தார். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். போனை அதன் முன்னால் நீட்டிவிட்டு, “இது உங்க செல் நம்பர் இல்லீங்களே?” என்று கேட்டார்.